தொங்குபடுக்கையும் கொசுவலையும்



விடுமுறை நாட்களில் தோழர்களுடன் சேர்ந்து மலைக்கும் காட்டுக்கும் நடந்து செல்லும் வழக்கம் உலகெங்கும் பரவியிருக்கிறது. அவ்வாறு செல்வோர் இரவைக் கழிப்பதற்கு இரண்டு வழிகளைக் கையாளுகின்றனர். ஒன்று, தரையிலே கூடாரம் அடித்துப் படுத்தல். மற்றொன்று, இரு மரங்களுக்கிடையே துணிப் படுக்கை ஒன்றைக் கட்டி, அதில் தொங்கியவாறு உறங்குதல். ஆங்கிலத்தில் 'ஹாமக்' எனப்படும் அப்படுக்கையை நாம் தொங்குபடுக்கை என்றே சொல்லிக்கொள்வோம். நம் வீடுகளில் குழந்தைக்குக் கட்டும் தூளியைப் பெரியவர் படுக்கும் அளவுக்கு நீட்டி, அதன் இரு முனைகளையும் எதிரெதிரே இழுத்துக் கட்டினால் எப்படியிருக்குமோ, ஏறத்தாழ அப்படியிருக்கும் அது.

இதனை வாங்கச் செல்பவர் முன்னே ஒரு கேள்வி எழும். கொசுவலையைப் படுக்கையோடு சேர்த்தே தைத்த வகை ஒன்று உண்டு. படுக்கை வேறு, வலை வேறு என்று தனித்தனியாக விற்கும் வகையும் உண்டு. இவற்றுள் எது நல்லது? இது வெறும் கடைத்தெருக் கேள்வி எனப் பலர் எண்ணுவர். எடை எவ்வளவு, விலை எவ்வளவு என்று பார்த்தால் முடிந்துவிடும் என்பது அவர்கள் கருத்து. ஆயினும், கொசு கடிப்பதால் மனிதன் சாகிறான் என்பதை அறிந்த பின்னர் இக்கேள்வியை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஆதலின் இதன் வரலாற்றையும் அறிவியலையும் சிறிது பார்த்துவிட்டு, பிறகு விடைக்கு வருவோம்.

தொங்குபடுக்கையை உலகுக்கு அளித்தவர்கள் அமெரிக்கக் கண்டத்தின் பழங்குடி மக்கள். 1492ஆம் ஆண்டில் கொலம்பஸ் பஹாமாத் தீவுகளை அடைந்தபோது, அங்கிருந்த மக்கள் பருத்தி நூலால் வலைபோலப் பின்னிய படுக்கைகளில் உறங்குவதைக் கண்டு தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அம்மக்கள் மொழியில் அதன் பெயர் 'ஹமாக்கா'. அச்சொல் ஸ்பானிய மொழியிற் புகுந்து, பின்னர் பிற ஐரோப்பிய மொழிகளுக்கும் சென்றது. ஐரோப்பிய மாலுமிகளும் இப்படுக்கையை விரும்பி ஏற்றுக்கொண்டனர். கப்பல் எப்பக்கம் சாய்ந்தாலும் தொங்குபடுக்கையில் கிடப்பவன் உருண்டு விழமாட்டான் அல்லவா?

வெப்பமண்டலக் காடுகளில் இப்படுக்கை தோன்றியதற்குத் தக்க காரணம் உண்டு. அங்கே தரை எப்போதும் ஈரமாயிருக்கும். எறும்பு, தேள், பாம்பு முதலியன இலைச் சருகுகளுக்கிடையே ஊர்ந்து திரியும். தரையினின்று இரண்டு மூன்று அடி உயரத்தில் தொங்குபவனை இவை எளிதில் அணுகா. எனினும், ஊர்ந்து வரும் பகையை வென்ற இப்படுக்கை, பறந்து வரும் பகைக்கு மட்டும் நாற்புறமும் திறந்தே கிடந்தது.

அப்பகை எத்தகையது என்பதை ஹம்போல்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் விரித்துரைத்திருக்கிறார். அவர் 1800ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவின் ஒரினோக்கோ ஆற்றில் படகேறிப் பயணம் செய்தவர். அவ்வாற்றங்கரையில் காலையில் ஒருவரையொருவர் சந்திப்போர், நலம் விசாரிப்பதற்கு மாறாக, இரவில் கொசு எப்படியிருந்தது என்றுதான் முதலில் கேட்டுக்கொள்வார்களாம். அவர் கண்டறிந்த இன்னொரு செய்தி நமக்கு மிகவும் பயன்படுவது. அங்கே கடிக்கும் பூச்சிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வருவதில்லை. பகலில் ஒரு வகை, அந்தி வேளையில் ஒரு வகை, இரவில் மற்றொரு வகை என்று, காவலர் முறை மாறுவதுபோல அவை முறைவைத்து வந்தன. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வலையைப் பற்றிய நம் ஆராய்ச்சி இதனையே சுற்றி வரப்போகிறது.

ஹம்போல்ட் காலத்தில் கொசு தொல்லை தரும் பூச்சியாக மட்டுமே கருதப்பட்டது. மலேரியாக் காய்ச்சல் சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றினால் வருவது என்று மருத்துவர்களும் நம்பினர். அந்நோயின் பெயருக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20ஆம் நாள், நம் நாட்டிலே, செகந்தராபாத்தில், ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் அனாபிலிஸ் வகைக் கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். இவ்வாராய்ச்சிக்காக 1902இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. மஞ்சட் காய்ச்சலைப் பரப்புவதும் ஒரு வகைக் கொசுவே என்பது 1900ஆம் ஆண்டில் கியூபாவில் உறுதியாயிற்று. அன்று முதல் கொசுவலை உறக்கத்துக்கு உதவும் சுகப்பொருள் என்ற நிலையைக் கடந்து, உயிர்காக்கும் கருவியாயிற்று.

இந்த அறிவு இல்லாமையால் விளைந்த கேடு ஒன்றைப் பனாமாக் கால்வாயின் வரலாற்றிலே காணலாம். 1880களில் பிரெஞ்சுக்காரர்கள் அக்கால்வாயை வெட்ட முயன்றனர். அவர்கள் கட்டிய மருத்துவமனையிலே, கட்டில்மீது எறும்பு ஏறாதிருக்க, ஒவ்வொரு கட்டிற் காலின் கீழும் நீர் நிரம்பிய கிண்ணத்தை வைத்தனர். எறும்பு தடைப்பட்டது உண்மையே. ஆனால் அந்நீரில் கொசுக்கள் முட்டையிட்டுப் பெருகின. வேறு நோய்க்காக வந்து படுத்தவனுக்கும் மருத்துவமனைக்குள்ளேயே காய்ச்சல் தொற்றியது. அம்முயற்சி கைவிடப்பட்ட 1889ஆம் ஆண்டுக்குள் இறந்தவர்கள் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் என்று கணக்கிடுகின்றனர். ஊர்வதைத் தடுக்கும் ஏற்பாடு பறப்பதைத் தடுக்காது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

வலை உண்மையாகவே காக்குமா என்பதைச் சோதித்தறிந்த நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1900ஆம் ஆண்டு கோடைக்காலத்தில், ரோமாபுரிக்கு அருகில், ஆஸ்டியாவை அடுத்த மலேரியா நிலத்திலே, கதவிலும் பலகணியிலும் கம்பிவலை பொருத்திய மரக் குடில் ஒன்றை அமைத்தனர். சம்பான், லோ என்னும் இரு மருத்துவர்கள் அதில் துணைவருடன் குடியேறினர். பகலில் விருப்பம்போல் வெளியே திரிந்தனர். ஆனால் கதிரவன் மறையுமுன் குடிலுக்குள் புகுந்து, அவன் எழுந்த பின்னரே வெளிவந்தனர். கொயினா மருந்தை அவர்கள் உண்ணவில்லை. சுற்றியிருந்த ஊர்களில் பலர் காய்ச்சலில் வீழ்ந்தபோதும் இவர்களுக்கு நோய் வரவில்லை. அவர்களைக் காத்தது வலை மட்டும் அன்று. கொசு வரும் நேரத்தில் தவறாமல் வலைக்குள் இருந்த ஒழுக்கமும் சேர்ந்தே காத்தது.

இச்சோதனையை உரைகல்லாக வைத்துக்கொண்டு இருவகைப் படுக்கைகளையும் ஆராய்வோம்.

வலை சேர்த்துத் தைத்த வகையை முதலில் எடுத்துக்கொள்வோம். இதன் புகழ்பெற்ற முன்னோடி, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினர் பயன்படுத்திய காட்டுப் படுக்கை. 1942ஆம் ஆண்டை ஒட்டி உருவான அதில், மேலே மழை புகாத துணிக்கூரை, பக்கங்களில் கொசுவலை, கீழே படுக்கைத் துணி ஆகிய மூன்றும் ஒன்றாகவே தைக்கப்பட்டிருந்தன. பக்கத்திலுள்ள ஜிப்பைத் திறந்து உள்ளே நுழைந்து, மீண்டும் மூடிக்கொள்ள வேண்டும். பசிபிக் தீவுகளின் சில போர்க்களங்களில் எதிரியின் குண்டைக் காட்டிலும் மலேரியாவே மிகுதியான வீரர்களை மருத்துவமனைக்கு அனுப்பியது என்பதை எண்ணினால், இத்தகைய படுக்கையின் அருமை விளங்கும். ஆனால் அதற்கு ஒரு குறையும் இருந்தது. இரவில் திடீரெனத் தாக்குதல் நேர்ந்தால், ஜிப்பைத் தேடித் திறந்து வெளியே குதிக்க நேரம் பிடிக்கும். போர்க்களத்தில் அந்தச் சில நொடிகள் உயிரின் விலை உடையவை.

இன்று நடைப்பயணிகளுக்காகச் செய்யப்படும் படுக்கைகளில் கூரை பெரும்பாலும் தனியாக வருகிறது. வலை மட்டும் படுக்கையின் விளிம்போடு சேர்ந்திருக்கிறது. இதன் முதல் நன்மை, வலையை மறந்து வீட்டில் விட்டுவர முடியாது என்பதே. இரண்டாவது, இருட்டிலோ மழையிலோ இரு முனைகளைக் கட்டியவுடன் வலையும் தானே எழுந்து நிற்கும். மூன்றாவது, ஜிப்பைத் தவிரக் கொசு நுழையத்தக்க இடைவெளி வேறு இல்லை. படுக்கையின் மேற்பரப்புக்கு மட்டுமே வலை வேண்டியிருப்பதால் துணி குறைவு, எடையும் குறைவு.

குறைகளும் உண்டு. கொசு இல்லாத குளிர்நாட்டிலும் வலையைச் சுமந்தே ஆகவேண்டும். பகலில் படுக்கையின் குறுக்கே அமர்ந்து நாற்காலிபோலப் பயன்படுத்துவதற்கு வலை இடையூறாகும். சிலர் வலைப்பக்கம் கீழே வருமாறு படுக்கையைப் புரட்டிக் கட்டி இக்குறையைப் போக்கிக்கொள்வர். வலையை முழுவதும் கழற்றி எடுக்கும்படி சுற்றிலும் ஜிப் வைத்துத் தைத்தவையும் கிடைக்கின்றன. இன்னொரு செய்தி, படுக்கும் கோணத்தைப் பற்றியது. தொங்குபடுக்கையில் நேராகப் படுத்தால் முதுகு வில்லாக வளையும். நடுக்கோட்டுக்குச் சற்றுக் குறுக்காகப் படுத்தால்தான் உடல் ஏறத்தாழச் சமமாகக் கிடக்கும். வலை தைத்த படுக்கைகளிற் பல, தலை இப்பக்கம், கால் அப்பக்கம் என்று ஒரே குறுக்கு நிலைக்கென்று வெட்டித் தைக்கப்படுகின்றன. மறுபக்கம் திரும்பிப் படுக்கப் பழகியவருக்கு அது ஒத்துவராது. வாங்குமுன் படுத்துப் பார்ப்பதே நல்லது.

இனி, தனிவலையைப் பார்ப்போம். அமேசான் ஆற்றுப் பகுதி மக்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. தொங்குபடுக்கைக்கென்றே தைத்த வலை நீண்ட பெட்டிபோன்ற வடிவுடையது. அதன் இரு முனைகளிலும் சட்டைக் கைபோன்ற குழாய்கள் இருக்கும். படுக்கையின் கயிறுகள் அக்குழாய்களின் வழியே வெளியே செல்லும். குழாயின் வாயை நாடாவால் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். வலை தரைவரை தொங்குவதும் உண்டு, படுக்கையின் அடியில் ஒன்றாய்ச் சேர்த்து மூடப்படுவதும் உண்டு.

இவ்வகையின் தலையாய நன்மை, உடலை மேலும் கீழும் பக்கங்களிலும் சுற்றிலும் காப்பதாகும். உள்ளே இடம் தாராளமாயிருக்கும். குறுக்கே அமரலாம், எப்பக்கம் வேண்டுமானாலும் தலைவைத்துப் படுக்கலாம். வலை கிழிந்தால் வலையை மட்டும் மாற்றினால் போதும். கொசு இல்லாத இடத்துக்கு அதனை எடுத்துச் செல்லவே வேண்டுவதில்லை. ஆனால் எடை, கால் கிலோவை ஒட்டியோ சற்று மிகுந்தோ கூடும். வலையைத் தாங்குவதற்குப் படுக்கைக்கு மேலே முகட்டுக் கயிறு ஒன்றும் கட்டவேண்டும். நாடாவைத் தளர விட்டால் கொசு அவ்வழியே நுழையும். தரையில் புரளும் வலையின் ஓரத்தைப் பற்றி எறும்பு ஏறும். எல்லாவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. நாள் முழுதும் நடந்து களைத்தவன், "இன்றிரவு கொசு அதிகம் இல்லை, வலை வேண்டாம்" என்று சொல்லிப் படுத்துவிடுவான். பையிலே மடிந்து கிடக்கும் வலை யாரையும் காப்பதில்லை.

மேலிருந்து இடுப்புவரை மட்டும் மறைக்கும் அரைவலை ஒன்றும் விற்கப்படுகிறது. எடையிலும் விலையிலும் அது குறைந்தது. கொசு சிறிதளவே உள்ள இடத்தில் முகத்தைக் காக்க அது உதவும். நோய் பரவும் காட்டுக்கு அதை நம்பிச் செல்லலாகாது.

இப்போது, வாங்குவோரிற் பலர் எண்ணிப் பாராத ஒரு செய்திக்கு வருவோம். படுக்கையோடு தைத்த வலை மேற்புறத்தை மட்டுமே காக்கிறது. அடிப்புறத்தில் என்ன இருக்கிறது? மெல்லிய நைலான் துணி ஒன்றுதான். உடலின் பளுவால் அது முதுகோடு இறுகப் படிந்திருக்கும். கொசுவின் உறிஞ்சுகுழல் மயிரினும் மெல்லியது. இறுகிய துணியின் இழைகளுக்கிடையே அதனைச் செலுத்துவது கொசுவுக்கு அரிய செயலன்று. மேலே வலையை மூடிவிட்டோம் என்று மனநிறைவோடு உறங்குபவன், காலையில் முதுகெல்லாம் தடித்திருப்பதைக் கண்டு திகைப்பதற்குக் காரணம் இதுவே. முன்னே கூறிய அமெரிக்கப் படையினரின் படுக்கையில் அடித்துணியை இரட்டையாக வைத்ததன் நோக்கமும் இத்தொல்லையைத் தவிர்ப்பதே.

இதற்கு மாற்று வழிகள் இல்லாமற் போகவில்லை. அடித்துணி இரட்டையாக உள்ள படுக்கையை வாங்கி, இரு துணிகளுக்கும் இடையே மெல்லிய மெத்தை ஒன்றைச் செருகலாம். குளிர் மிக்க இடங்களில் படுக்கையின் அடியில் பஞ்சுப் போர்வை கட்டுவது வழக்கம். அதுவே கொசுவையும் தடுத்துவிடும். ஆனால் வெப்பமண்டலத்துத் தாழ்நிலக் காட்டில், புழுக்கம் மிகுந்த இரவில், மெத்தையும் போர்வையும் யார் பொறுப்பர்? அத்தகைய இடத்தில்தான் சுற்றிலும் மூடும் தனிவலை தன் சிறப்பை நிலைநாட்டுகிறது.

வலையின் கண்ணளவையும் நோக்கவேண்டும். உலக சுகாதார நிறுவனம் கொசுவலைக்குக் குறித்த அளவு, ஒரு சதுர அங்குலத்துக்கு 156 கண்கள் என்பது. கொசுவுக்கு இது போதும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய கடிக்கும் ஈக்கள் சில, ஈரமான கடற்கரைகளிலும் சதுப்புகளிலும் உண்டு. அவை இக்கண்களின் வழியே எளிதில் நுழைந்துவிடும். அவற்றைத் தடுக்க இன்னும் நெருக்கமான வலை வேண்டும். வலை நெருங்க நெருங்கக் காற்றோட்டம் குறையும். ஆகவே, செல்லும் இடத்தில் கடிக்கும் பூச்சி எது என்று அறியாமல் வலையைத் தேர்ந்தெடுத்தல் தகாது.

பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி தோய்ந்த வலைகளும் துணிகளும் இன்று கிடைக்கின்றன. வலையைத் தொடும் கொசு மயங்கி விழும். சிறு கிழிசல் இருந்தாலும் ஓரளவு பாதுகாப்பு உண்டு. தைத்த வலையுடைய படுக்கையின் அடித்துணிக்கு இம்மருந்தைத் தோய்ப்பதும் ஒரு வழியே. ஆயினும் இம்மருந்து மீன்களுக்குக் கொடிய நஞ்சாதலின், அவ்வலையை ஓடையிலோ குளத்திலோ அலசுதல் பெருந்தவறு.

வலையும் தொங்குபடுக்கையும் சேர்ந்து மக்களின் நோயைக் குறைத்ததற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று கூறுவேன். நடு வியட்நாமில், அந்நாளில் நின் துவான் எனப்பட்ட மாகாணத்தில், ரா-கிளாய் என்னும் மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் காட்டுக்குள் நிலம் திருத்திப் பயிர் செய்வோர். வேளாண்மைக் காலங்களில் காட்டிலேயே இரவு தங்குவர். ஊரிலுள்ள கட்டிலுக்குக் கொசுவலை கொடுத்தால் காட்டிலே அது எவ்வாறு உதவும்? அன்றியும், அக்காட்டில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் வகை, மக்கள் உறங்கச் செல்லுமுன்பே, முன்னிரவிலேயே கடிக்கத் தொடங்கிவிடும். எனவே 2004ஆம் ஆண்டு முதல் 2006 வரை, அவர்களுக்கு மருந்து தோய்ந்த வலையுடன் கூடிய தொங்குபடுக்கைகளை வழங்கி ஆராய்ந்தனர். அவை வழங்கப்பட்ட ஊர்களில், வழங்கப்படாத ஊர்களிலும் மிகுதியாக மலேரியா குறைந்தது. இம்முடிவு 2009இல் வெளியாயிற்று. மக்கள் இயல்பாகப் பயன்படுத்தும் படுக்கையோடு வலையையும் இணைத்து, அவர்கள் செல்லும் இடத்துக்கே அது உடன்செல்லுமாறு செய்ததே இதன் சிறப்பு.

இனி விடைக்கு வரலாம். எடை, விலை என்பவற்றை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் செல்லும் இடத்தில் எந்தப் பூச்சி, எந்த நேரத்தில் கடிக்கும்? என் முதுகுப்புறத்தைக் காப்பது எது? களைத்துச் சோர்ந்த இரவிலும் நான் இவ்வலையைத் தவறாமல் மூடுவேனா?

நாள்தோறும் இடம் மாற்றி நடப்பவர், இருட்டிய பின் கட்டிப் படுப்பவர், குளிர்ந்த மலைப்பகுதியில் அடிப்போர்வையுடன் உறங்குபவர் ஆகியோர்க்குத் தைத்த வலையே ஏற்றது. அது சோம்பலுக்கு இடங்கொடாது. வெப்பம் மிக்க தாழ்நிலக் காட்டில் ஒரே இடத்தில் பல நாள் தங்குபவர், பகலிலும் வலைக்குள் அமர்ந்து படிக்கவோ எழுதவோ வேண்டியவர், ஆண்டின் ஒரு பகுதியில் மட்டும் கொசு உள்ள இடங்களுக்குச் செல்பவர் ஆகியோர்க்குத் தனிவலை ஏற்றது. ஆனால் அவர் நாள்தோறும் அதனைக் கட்டும் பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும்.

எதை வாங்கினாலும் கட்டும் முறை ஒன்றே. கயிறு கிடைமட்டத்தோடு ஏறத்தாழ 30 பாகைக் கோணத்தில் சாய்ந்திருக்கட்டும். அந்நிலையில் ஒவ்வொரு கயிறும் உங்கள் உடல் எடைக்குச் சமமான இழுவிசையைத் தாங்கும். விறைப்பாக இழுத்துக் கோணத்தை 10 பாகையாகக் குறைத்தால், அவ்விசை ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும். கயிறு அறும், மரத்தின் பட்டையும் வெட்டுப்படும். பௌதிகம் படிக்கும் மாணவர்கள் இதனை ஒரு தாளில் வரைந்து கணக்கிட்டுப் பார்க்கலாம். மேலும், விறைப்பாகக் கட்டிய படுக்கையில் வலை முகத்தின்மேல் படியும். படிந்த இடத்தில் வலைக்கு வெளியே அமர்ந்தபடியே கொசு கடிக்கும்.

புறப்படுவதற்கு முன் வீட்டுத் தோட்டத்திலோ பள்ளி மைதானத்திலோ ஒரு மாலை முழுதும் கட்டிப் பழகுங்கள். கண்ணை மூடிக்கொண்டு வலையைத் திறந்து வெளியே வர உங்களால் இயல வேண்டும். விளக்கை வலைக்குள் ஏற்றி, வெளியே ஒரு தோழரை நிறுத்தி, எங்கேனும் இடைவெளி தெரிகிறதா என்று சோதியுங்கள். காட்டிலே கதிரவன் சாயும்போது, சமையலும் உரையாடலும் இன்னும் முடியவில்லையே என்று தயங்காமல், முதலில் வலையைக் கட்டி முடித்துவிடுங்கள். ஆஸ்டியாக் குடிலில் இருந்தவர்களுக்கு உதவிய வழக்கம் உங்களுக்கும் உதவும்.